எல்-ஒன்னுக்கு ஒரு மாலை போடுங்கப்பா!

டெண்டர்ல மொத்தத் தொகை குறைச்சலா போட்டவர்தான் எல்-ஒன். அவருக்கு வேலையைக் கொடுத்துட்டு டெண்டர் கமிட்டி மறுபடியும் அதே வசனம். "குறைஞ்ச ரேட்டுக்குத்தான் கொடுத்திருக்கோம், எல்லாம் விதிப்படி." ஆமா ராசா, விதிதான்!

பி.ஓ.க்யூவுல, அதாவது டெண்டரோட வேலை அளவுப் பட்டியல்ல, மண் வெட்டு 10,000 கனமீட்டர், பாறை வெட்டு 200. அந்த 200 எங்கேருந்து குதிச்சது? மொத்த நீளத்துக்கும் அடியில என்ன இருக்குன்னு ரெண்டே ரெண்டு துளை போட்டுப் பார்த்தது; மீதி பழைய எஸ்டிமேட்லேருந்து ஒட்டினது. டெண்டர் போட்ட ஒருத்தர் ஒழுங்கா கனமீட்டருக்கு மண்ணுக்கு 5, பாறைக்கு 15னு ரேட் போடுறார். மொத்தம் 53,000. இன்னொருத்தர் சைட்டை நடந்து பார்த்தவர். ஓடைக்கரையில பாறை பல்லிளிக்குது. மண்ணுக்கு 4, பாறைக்கு 60! மொத்தம் 52,000. எல்-ஒன்! கமிட்டிக்குப் பூரிப்பு தாங்கல, ஆயிரம் மிச்சமாச்சே.

தோண்டினா மண் 6,200, பாறை 4,000. தோத்தவர் ரேட்ல 91,000 ஆகியிருக்கும். ஜெயிச்சவர் பில் 2,64,800. மிச்சம் பிடிச்ச லட்சணம் இது.

"அளவு கூடினா ரேட்டை மாத்தலாமே"ன்னு ஒரு மேதாவி வருவார். ஃபிடிக் 1999 சிவப்புப் புத்தகம்னு ஒரு சர்வதேச கட்டுமான ஒப்பந்த மாதிரி இருக்கு, அதுல பிரிவு 12.3-ஐக் கடைசி வரைக்கும் படிச்சாரா? அளவு 10 சதவீதத்துக்கு மேல மாறினா மட்டும் போதாது. அந்த மாற்றத்தால ஒரு கனமீட்டருக்கு ஆகுற செலவும் 1 சதவீதத்துக்கு மேல மாறியிருக்கணும். "200 வெட்டினாலும் 4,000 வெட்டினாலும் எனக்கு ஒரே செலவுதான் சார்"னு கான்ட்ராக்டர் காலாட்டிக்கிட்டு உட்கார்ந்துடுவார்.

வேலை உத்தரவுக்கு முன்னாடி பத்து நிமிஷம் எக்செல்ல உட்கார்ந்திருந்தா போதும். மண்ணைக் குறைச்சு பாறையைக் கூட்டிப் பார்த்திருந்தா, பாறை 222 கனமீட்டர் ஆனதுமே எல்-ஒன் வரிசை தலைகீழா புரண்டிருக்கும். 22 கனமீட்டர், நாலஞ்சு டிப்பர்! அந்த 60 எப்படி வந்ததுன்னு ரேட் பகுப்பாய்வு கேட்டிருக்கலாம், கான்ட்ராக்டர் கட்டுற செக்யூரிட்டி டெபாசிட்டைக் கூட்டச் சொல்லியிருக்கலாம், டெண்டருக்கு முன்னாடியே இன்னும் பத்து துளை போட்டிருக்கலாம். அதுக்கெல்லாம் நிதி இல்லையாம். பில்லுக்கு மட்டும் எங்கேருந்தோ வருது.

அது கிடக்கட்டும், இந்த பி.ஓ.க்யூவை எக்செல்ல கொடுத்தா யாருக்குக் குடி முழுகும்? பிரின்ட் எடுத்து, சீல் குத்தி, ஸ்கேன் பண்ணி, 400 ஐட்டம், அதுவும் கோணலா. சீல் விழுந்திருக்கிற இடம் எதுன்னு பாருங்க, சரியா அளவு போட்டிருக்கிற கட்டத்து மேல.