ஏரியைக் காட்டப் பணம் திரட்டுகிறீர்களா? மைக்கை விட்டுவிடுங்கள்

பள்ளிப் பிள்ளைகளின் சுற்றுச்சூழல் கல்விக்கு நிதி திரட்ட இசை நிகழ்ச்சி வைக்கப்போகிறோம் என்று யாராவது சொன்னால், முதலில் செலவுப் பட்டியலை வாங்கிப் பாருங்கள். சவுண்டு செட், மேடை, ஃபோகஸ் லைட், ஜெனரேட்டர், ஃபிளெக்ஸ், பொன்னாடை, ஷீல்டு. இதெல்லாம் போக மிஞ்சுவதுதான் பிள்ளைகளுக்கு. டிக்கெட் முழுக்க விற்றாலும் இந்தப் பட்டியலே பாதிக்கு மேல் விழுங்கிவிடும்.

என் கருத்து இதுதான்: நூறு பேர் உட்காரும் கூடம், மைக் இல்லாத கச்சேரி, ஒரே பள்ளி, ஒரே நீர்நிலை, ஒரு கல்வியாண்டு. புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இந்த அளவு நன்றாகப் பொருந்தும். மைக் வேண்டாம் என்பதை ரசனைக்காகச் சொல்லவில்லை, கணக்குக்காகச் சொல்கிறேன். ஒலிபெருக்கியை எடுத்துவிட்டால் அதற்கான வாடகையோடு ஜெனரேட்டரும் பெரிய மேடையும் சேர்ந்தே கழன்றுவிடும். ஒலிபெருக்கிக்கு எழுத்துப்பூர்வ அனுமதி வாங்க அலையும் வேலையும் இல்லை.

சுற்றுச்சூழல் பாடத்தைப் பள்ளிகளில் கட்டாயமாக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1991லேயே சொல்லிவிட்டது. பாடப்புத்தகத்தில் பாடம் இருக்கிறது, பல பள்ளிகளில் மாணவர் சுற்றுச்சூழல் மன்றமான தேசிய பசுமைப் படையும் இருக்கிறது. இல்லாதது வேன். ஊசுடு ஏரி புதுச்சேரி நகரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. குளிர்காலத்தில் அங்கே நாமக்கோழியும் ஊசிவால் வாத்தும் வந்து இறங்கும். ஆனால் நகரத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் அந்தக் கரையில் நின்றிருப்பார்கள்? கடலூர் மாவட்டத்துப் பிச்சாவரம் அலையாத்திக் காடு 2022இல், உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. அதே மாவட்டத்தில் படிக்கிற பிள்ளைக்கு சுரபுன்னையின் தாங்கு வேரும் தில்லை மரத்தின் பாலும் புத்தகத்துப் படங்களாகவே இருந்துவிடக் கூடாது.

அதனால் திரட்டும் பணத்தில் முதல் உரிமை வேனுக்கு. ஒரு வகுப்பு 40 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்துக்கு வருஷத்தில் மூன்று முறையாவது போக வேண்டும்: மழைக்கு முன் ஒன்று, மழை ஓய்ந்து பறவைகள் இருக்கும்போது ஒன்று, வெயில் ஏறித் தண்ணீர் வற்றத் தொடங்கும்போது ஒன்று. ஒரே ஒரு முறை கூட்டிப்போனால் அது சுற்றுலா. மூன்று முறை அதே கரையில் நின்று அதே அளவை எடுத்தால்தான் ஏரி மாறுகிறது என்பதே பிள்ளைக்குத் தெரியவரும்.

அடுத்த உரிமை கருவிக்கு. பெரிய விலையில் எதுவும் வேண்டாம். 8×40 பைனாகுலர் நான்கு, கைலென்ஸ் பத்து, தண்ணீரில் கரைந்திருப்பது எவ்வளவு என்று காட்டும் டிடிஎஸ் பேனா நான்கு, தண்ணீரின் தெளிவைப் பார்க்கும் செக்கி தட்டு இரண்டு. செக்கி தட்டைப் பிள்ளைகளையே செய்யச் சொல்லுங்கள். 20 சென்டிமீட்டர் விட்டமுள்ள தட்டையான தகட்டை நான்கு கால் பாகமாகப் பிரித்துக் கறுப்பு, வெள்ளை என்று மாற்றி மாற்றிப் பெயின்ட் அடிக்க வேண்டும். நடுவில் துளையிட்டுக் கயிறு கட்டி, அடியில் ஒரு கனம் தொங்கவிட வேண்டும். கயிற்றில் 10 சென்டிமீட்டருக்கு ஒரு குறி. கயிறு நைலானாக இருக்கட்டும். பருத்திக் கயிறு நனைந்தால் நீளம் மாறி, குறிகள் பொய் சொல்லும். படகின் நிழல் விழும் பக்கத்தில் இறக்கி, தட்டு கண்ணிலிருந்து மறையும் ஆழத்தையும், தூக்கும்போது மறுபடி தெரியும் ஆழத்தையும் குறித்துச் சராசரி எடுக்க வேண்டும். தரையில் முட்டிய பிறகும் தட்டு தெரிந்தால் அதை அளவாக எழுதக் கூடாது; 'தரை தெரிகிறது' என்றுதான் எழுத வேண்டும். நம் ஏரிகளில் கோடையில் இது அடிக்கடி நடக்கும்.

டிடிஎஸ் பேனாவில்தான் தவறு அதிகம். பெட்டியிலிருந்து எடுத்து நேராகத் தண்ணீரில் விட்டு வரும் எண்ணை நம்பக் கூடாது. பேனாவைச் சரிபார்க்கவே விற்கிற, மின்கடத்தும் அளவு தெரிந்த 1413 மைக்ரோசீமென்ஸ் கரைசலில் வைத்துச் சரிபார்த்துவிட்டுத்தான் தொடங்க வேண்டும். மின்முனை மூழ்கும் அளவுக்கு மட்டும் விட்டு, லேசாக ஆட்டிக் காற்றுக் குமிழியை வெளியேற்றி, எண் நிலைக்கும்வரை பொறுக்க வேண்டும். ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் நடுவே மின்முனையை வடிநீரில், அதாவது காய்ச்சி வடித்த நீரில், அலச வேண்டும். கழிமுகத் தண்ணீரில் மலிவான பேனா திணறிவிடும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் உப்பு, பேனாவின் உச்சமோ பெரும்பாலும் 10 கிராமுக்குள். 10 மில்லி மாதிரியை வடிநீர் ஊற்றி 100 மில்லியாக்கி அளந்து, வந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால் ஓரளவு சரியாக வரும்.

கடலூரில் கடலோரத் தெருக்களில் இருக்கிற பிள்ளைகள் வீட்டு போர்த் தண்ணீரை ஆளுக்கொரு பாட்டில் கொண்டுவந்து அளந்து, தெரு வரைபடத்தில் புள்ளி வைத்தால் அதைவிடப் பெரிய பாடம் இல்லை. குடிநீரில் கரைந்திருப்பவற்றுக்கான இந்தியத் தர அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை. ஆனால் ஆசிரியர் ஒன்றை அழுத்திச் சொல்லியாக வேண்டும்: எண் குறைந்தால் தண்ணீர் பாதுகாப்பானது என்று ஆகாது. கரைந்திருப்பது எவ்வளவு என்றுதான் பேனா காட்டும், என்ன கரைந்திருக்கிறது என்று காட்டாது. தொழிற்பேட்டை இருக்கிற ஊரில் இந்த வேறுபாடு பிள்ளைகளுக்குப் புரிந்தே ஆக வேண்டும்.

இப்போது கச்சேரிக்கு வருவோம். மைக் இல்லாமல் பாடினால் கடைசி வரிசைக்குக் கேட்குமா என்பதுதான் எல்லோருடைய பயமும். திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க ஒலி 6 டெசிபல் குறையும். கூடத்துக்குள் சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தரும். அதனால் கலைஞருக்கும் கடைசி ஆளுக்கும் நடுவே எட்டு, பத்து மீட்டருக்கு மேல் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். நீளவாக்கில் வரிசை போடாமல் கூடத்தின் நீளமான சுவர்ப் பக்கம் கலைஞர்களை உட்காரவைத்து, சுற்றி அரைவட்டமாக ஜமுக்காளம் விரியுங்கள். 12க்கு 8 மீட்டர் கூடத்தில் மேடைக்கும் வழிக்கும் விட்டது போக நூறு பேர் தாராளமாகத் தரையில் உட்காரலாம். முட்டிவலிக்காரர்களுக்குப் பின்சுவர் ஓரம் நாற்காலி. கலைஞருக்குப் பின்னால் வெற்றுச் சுவர் இருக்கட்டும், அங்கே திரைச்சீலை வேண்டாம். துணி ஒலியைக் குடித்துவிடும், சுவர் முன்னால் தள்ளும்.

புதுச்சேரியின் பழைய வீடுகளில் சுண்ணாம்புச் சுவரும் உயரமான கூரையும் இருக்கும். குரலுக்கு அருமையான இடம், மிருதங்கத்துக்குச் சிக்கல். வெறும் கூடத்தின் நடுவில் நின்று ஒருமுறை கைதட்டிப் பாருங்கள். அந்த ஒலியின் வால் ஒரு நொடிக்கு மேல் இழுத்தால், மிருதங்கம் தனியே வாசிக்கும் தனி ஆவர்த்தனத்தில் தாளச் சொற்கள் ஒன்றோடொன்று குழம்பும். ஆட்கள் நிரம்பினால் எதிரொலி கணிசமாகக் குறையும். அப்போதும் குறையாது என்று பட்டால் கலைஞருக்கு எதிர்ச் சுவரில் இரண்டு பருத்திக் கம்பளம் தொங்கவிடுங்கள்.

அடுத்த எதிரி ஃபேன். மெதுவாகச் சுழலும் சீலிங் ஃபேன் பரவாயில்லை, பெடஸ்டல் ஃபேனை உள்ளே விடவே கூடாது. ஃபேனை ஓடவிட்டு, ஒருவரை வீணை வாசிக்கச் சொல்லிக் கடைசி இடத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கமகத்தின், அதாவது அசைத்து வாசிக்கும் சுரத்தின், முடிவு காதுக்கு எட்டவில்லை என்றால் அந்தக் கூடத்துக்கு வீணை வேண்டாம். குரல், வயலின், புல்லாங்குழல் நன்றாகப் போய்ச் சேரும். நைலான் நரம்பு கிட்டார் நாற்பது, ஐம்பது பேருக்குச் சரி. வீணையோ கிட்டாரோ முன்னால் இருந்தால் தாளத்துக்குக் கஞ்சிராவை வைத்துக்கொள்வது நல்லது. மிருதங்கம்தான் வேண்டும் என்றால் ஒன்றரை மீட்டர் பின்னால் தள்ளி உட்காரச் சொல்லி, அடக்கி வாசிக்கும் பழக்கமுள்ளவரைக் கேளுங்கள். நாதஸ்வரமும் பறையும் வாசலுக்கு உரியவை. நிகழ்ச்சிக்கு முன் தெருவில் கால் மணி நேரம் பறை அடித்தால் ஃபிளெக்ஸ் செய்ய வேண்டிய வேலையை அது செய்துவிடும்.

கடல் காற்று ஈரமானது. ஈரத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். வாத்தியங்கள் அரை மணி நேரத்துக்கு முன்பே அதே கூடத்தில், அதே ஃபேன் காற்றில் இருந்துவிட்டுத்தான் சுருதி கூட்ட வேண்டும். ஏசி காரிலிருந்து இறக்கி நேராக உட்கார்ந்தால் முதல் இரண்டு உருப்படி சுருதியோடு மல்லுக்கட்டியே போகும்.

கடற்கரையில் வைக்கலாமே, அழகாக இருக்குமே என்று எப்போதும் ஒருவர் கேட்பார். தயவுசெய்து வேண்டாம். அலைச் சத்தத்துக்கு முன்னால் மைக் இல்லாத குரல் நிற்காது. ஒலிபெருக்கி தானாக வந்துவிடும், பின்னாலேயே விளக்கும் வரும். ஜனவரி முதல் ஏப்ரல் வரை நம் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும் காலம். ஒன்றரை, இரண்டு மாதத்தில் வெளிவரும் குஞ்சுகள் வெளிச்சமான திசையைக் கடல் என்று நம்பி நடக்கும். ஃபோகஸ் லைட் போட்டால் கடலை விட்டு ஊர்ப் பக்கம் போய்ச் சாகும். சுற்றுச்சூழலுக்குப் பணம் திரட்டும் விளக்கு அவற்றைக் கொல்வதை எந்தக் காரணம் சொல்லியும் ஏற்க முடியாது.

சட்டத்திலும் பணத்திலும் கவனிக்க வேண்டியவை சில. மைக் இல்லை என்பதால் ஒலி விதி இல்லை என்று ஆகாது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள்படி இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை இரவுக் கணக்கு, குடியிருப்புப் பகுதியில் 45 டெசிபல்தான் வரம்பு. ஆறரைக்குத் தொடங்கி எட்டுக்கு முடித்துவிடுங்கள். டிக்கெட்டை 500 ரூபாய்க்குள் வையுங்கள், இசை நிகழ்ச்சி நுழைவுக்கு அதுவரை ஜிஎஸ்டி விலக்கு உண்டு. டிக்கெட் பணமும் நன்கொடையும் ஒன்றல்ல. 80ஜி என்று பலரும் சொல்லும் நன்கொடை வருமான வரிச் சலுகைக்கான ரசீதை டிக்கெட்டுக்குத் தருவதாக யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். ரொக்க நன்கொடை 2000 ரூபாயைத் தாண்டினால் கொடுத்தவருக்கு அந்தச் சலுகை கிடைக்காது, யுபிஐயில் அனுப்பச் சொல்லுங்கள்.

புதுச்சேரிக்கே உரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. பார்வையாளர்களில் வெளிநாட்டுக் குடிமக்கள் இருப்பார்கள். அவர்கள் ரூபாயாகவே உண்டியலில் போட்டாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டப்படி (எஃப்சிஆர்ஏ) பதிவு இல்லாத அறக்கட்டளை அதை வாங்கக் கூடாது. பெயர் தெரியாமல் பணம் விழும் திறந்த உண்டியலை வைக்கவே வேண்டாம் என்பேன். சின்ன அறக்கட்டளையை மூடவைக்க இந்த ஒரு தவறே போதும்.

பாடல் தேர்விலும் இப்படித்தான். டிக்கெட் வைத்துச் சினிமாப் பாட்டுப் பாடினால் காப்புரிமைச் சங்கத்தின் உரிமம் வேண்டும். பாரதி 1908 முதல் 1918 வரை வாழ்ந்த ஊர் இது, பாரதிதாசன் பிறந்த ஊரும் இதுதான். இருவர் எழுத்தும் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டவை. ஆனால் வரிகள் பொது என்பதால் சினிமாவில் போட்ட மெட்டும் பொதுவாகிவிடாது. மெட்டைக் கலைஞரே அமைத்துக்கொள்ளட்டும். மீனவர்கள் வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டைத் தெரிந்தவர் யாராவது வந்து பாடினால் அன்றைய மாலையின் சிறந்த பகுதி அதுவாகவே இருக்கும். அவருக்கும் மற்றவர்களுக்குச் சமமான சம்பளம் கொடுங்கள். நல்ல காரியம்தானே என்று கலைஞர்களை இலவசமாக அழைப்பது எனக்குப் பிடிக்காது. முன்னணிப் பாடகர் தாங்கிக்கொள்வார். பக்கவாத்தியக்காரருக்கு அந்த மாலை வேறொரு வருமானத்தை இழந்த மாலை. பாடகர் தன் பங்கை விட்டுக்கொடுக்க விரும்பினால் அது அவர் இஷ்டம்.

தேதி: மார்கழியில் கலைஞர்கள் சென்னையில் இருப்பார்கள், அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையும் புயலும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கரை கடந்தது நம் இரண்டு ஊருக்கும் நடுவில்தான். பொங்கல் முடிந்து மாசிக்குள் கச்சேரியை வைத்து, அந்தப் பணத்தை அடுத்த கல்வியாண்டுக்கு ஒதுக்குங்கள். நடுவில் உள்ள மாதங்கள் தலைமையாசிரியர், கல்வித்துறை, வனத்துறை அனுமதிக்கும் பெற்றோர் சம்மதக் கடிதத்துக்கும் தேவைப்படும். கடலூரில் சமச்சீர், புதுச்சேரி அரசுப் பள்ளிகளில் சிபிஎஸ்இ. களப்பணித் தாள்களை இரண்டு பாடத்திட்டத்துக்கும் தனித்தனியாகத் தயாரிக்க வேண்டும்.

நிகழ்ச்சி 90 நிமிஷம், இடைவேளை இல்லை. தாமதமாக வருகிறவர்களைப் பாட்டுக்கு நடுவில் உள்ளே விடாதீர்கள். மைக் இல்லாத கூடத்தில் ஒரு செருப்புச் சத்தமே பாட்டைக் கெடுக்கும். வரவேற்புரை, வாழ்த்துரை, நன்றியுரை எதுவும் வேண்டாம். "ரெண்டே நிமிஷம் பேசிக்கிறேன் சார்" என்று வருகிற பெரியவருக்காகத்தான் கடைசி நேரத்தில் எங்கிருந்தோ ஒரு மைக் முளைக்கும். முடியாது என்பதை அழைக்கும்போதே பணிவாகச் சொல்லிவிட வேண்டும். பேச்சு ஒன்றே ஒன்று இருக்கட்டும்: நடுவில் ஒரு மாணவி எழுந்து, போன வருஷத்து நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று நிமிஷம் பேசட்டும். முதல் வருஷம் என்றால் எந்த ஏரி, எத்தனை பேர், என்ன அளக்கப்போகிறோம், ஒரு பிள்ளைக்கு எவ்வளவு ஆகும் என்று சொன்னால் போதும். அந்தத் தொகை டிக்கெட்டிலும் அச்சாகியிருக்கட்டும்.

எதிர்பார்த்த பணம் வரவில்லை என்றால் முதலில் டி-ஷர்ட்டை வெட்டுங்கள், பிறகு சான்றிதழ், தொப்பி. பைனாகுலர் நான்கை இரண்டாக்கலாம். அதற்கும் மேல் குறைந்தால் 40 பிள்ளைகளை 25 ஆக்குங்கள், ஆனால் மூன்று பயணத்தை ஒன்றாக்காதீர்கள். வரவு செலவுக் கணக்கை ஒரு தாளில் எழுதிப் பள்ளி அறிவிப்புப் பலகையிலும் கச்சேரி நடந்த கூடத்து வாசலிலும் ஒரு வாரத்துக்குள் ஒட்டிவிடுங்கள்.