டம்ளர் கதைதான் வரும்

ஞாயிற்றுக்கிழமைப் பயிலரங்கைப் பற்றி ஆளாளுக்கு எழுதிவிட்டீர்கள். நடத்தியவள் நான், நானும் சொல்லிவிடுகிறேன்.

வீட்டிலிருந்து பேர் வெட்டிய பாத்திரம் ஒன்று கொண்டுவரச் சொன்னேன். அதைப் பார்த்துக் கதை எழுத வேண்டும். அவ்வளவுதான். அதற்குத்தான் சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்து, "டம்ளரை வைத்து எழுதினால் டம்ளர் கதைதான் வரும்" என்றார். அரங்கமே சிரித்தது.

வரட்டுமே ஐயா. டம்ளர் கதையே வரட்டும்.

எங்கள் அத்தைக்குச் சீர் வாங்கியபோது பாத்திரக்கடையில் டர்ர் என்று மெஷினை ஓட்டி, புள்ளி புள்ளியாக அவள் பேர், மாமா பேர், கல்யாணத் தேதி எல்லாம் வெட்டித் தந்தார்கள். இரண்டே வருஷத்தில் அத்தனை பாத்திரத்தோடும் அத்தை திரும்பி வந்துவிட்டாள். பாட்டி புளி போட்டுத் தேய்த்தாள், சாம்பல் போட்டுத் தேய்த்தாள். பாத்திரம்தான் பளபளத்தது. எவர்சில்வரில் வெட்டிய பேர் போகுமா? அப்புறம் முப்பது வருஷம் அத்தை அதே டம்ளரில்தான் காப்பி குடித்தாள். மாமா பேர்மேல் கட்டைவிரலை வைத்து மறைத்துப் பிடிப்பாள். சூடு பொறுக்காமல் கை மாற்றினாலும் அடுத்த கையின் விரல் அங்கேயே போய் உட்காரும்.

"பொருளில் என்ன இருக்கிறது, அனுபவம்தான் முக்கியம்" என்று கமெண்டில் பாடம் எடுப்பவர்களுக்கு: சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அனுபவத்தை எழுது என்று வெள்ளைத்தாளை நீட்டினால் பிள்ளைகள் விட்டத்தைப் பார்க்கிறார்கள். டம்ளரை நீட்டிப் பாருங்கள். யார் பேர், யார் வாங்கியது, எப்படி நசுங்கியது என்று தானாகவே ஆரம்பிக்கிறார்கள்.

புறநானூறு 164இல் பெருந்தலைச் சாத்தனார் வறுமையைப் பற்றிப் பிரசங்கமா செய்கிறார்? சமைப்பதையே மறந்துபோன அடுப்பில் காளான் பூத்திருக்கிறது என்கிறார். அடுப்புக் கவிதைதான். நல்லவேளை, அதைக் கேட்ட வள்ளல் குமணன் கையில் மைக் இல்லை.

"பெரியவரை இப்படிப் பேசலாமா?" கூடாதுதான். அந்தச் சிறப்பு விருந்தினரின் நாவலில் தாத்தாவின் கைத்தடிக்கு மூன்று பக்கம். அது குறியீடு. நாங்கள் டம்ளர் என்றால் மட்டும் அடுப்படி.

அதைக்கூட விட்டுவிடுவேன். முன்வரிசையில் ஒரு பெண், கல்லூரி முதலாண்டு. பழைய பாத்திரக்கடையில் அவள் அம்மா வாங்கிய சொம்பு, வேறு யாருடைய பேரோ வெட்டியது. அரைப்பக்கம் எழுதியிருந்தாள். சிரிப்புக் கேட்டதும் சொம்பைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள்.

மீதியை எழுதினாயா என்று நேற்று மெசேஜ் போட்டேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.