மாநாட்டில் வாசித்த ஆய்வெல்லாம் இதழில் வந்துவிடுமா?

பரவும் செய்தி: "சர்வதேச மருத்துவ மாநாட்டில் சமர்ப்பித்த ஆய்வு இது. மருத்துவ இதழிலும் வந்துவிடும், நம்பிப் பகிருங்கள்."

உண்மை: பாதிக்கு மேல் வருவதில்லை.

மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2018இல் வெளியிட்ட தொகுப்பாய்வு இதைத்தான் அலசியது. மாநாட்டு ஆய்வுகள் பிறகு என்ன ஆயின என்று பின்தொடர்ந்த 425 அறிக்கைகள், அவற்றில் மாநாடுகளில் வைத்த 3,07,028 ஆய்வுச் சுருக்கங்கள். முழுக் கட்டுரையாக அச்சேறியவை 37.3 சதவீதம்தான். பத்தாண்டு கழித்துப் பார்த்தாலும் 46 சதவீதத்தைத்தான் எட்டும் என்பது அவர்களின் கணிப்பு. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்தும் ஒப்பீட்டுக் குழு வைத்தும் நடத்திய சோதனைகள் பரவாயில்லை, ஏறத்தாழ 60 சதவீதம்.

மாநாட்டுக்குப் போவது சில நூறு சொற்களில் எழுதிய ஒரு சுருக்கம். தேர்வுக் குழு பெரும்பாலும் அதை மட்டுமே படிக்கிறது. ஆய்வு முடியும் முன்பே இடைக்காலக் கணக்கோடு வந்து போஸ்டர் ஒட்டுவோரும் உண்டு. இதழுக்கு அனுப்பினால்தான் முறையையும் புள்ளிவிவரத்தையும் துறை வல்லுநர்கள் துருவிக் கேட்பார்கள்.

அதற்காக, அச்சேறாததெல்லாம் போலி என்று யாராவது கிளம்பினால் அதுவும் தவறு. பல ஆய்வுகளை இதழ்கள் நிராகரிக்கவே இல்லை, எழுதியவர்கள் அனுப்பவில்லை. கேட்டால் அதிகம் சொல்லும் காரணம், நேரமில்லை! எனக்கு உறுத்துவது வேறு: சாதகமான முடிவு வந்த ஆய்வுகளே கூடுதலாக அச்சேறுகின்றன. மருந்து பலிக்கவில்லை என்ற ஆய்வு மாநாட்டு மலரோடு நின்றுவிட்டால், பிறகு இதழ்களை மட்டும் புரட்டும் மருத்துவருக்கு அந்த மருந்து இருப்பதைவிட நல்லதாகத் தெரியும்.