முதல் காற்புள்ளியில் .*? நிற்குமா?

ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (உரையில் தேட எழுதும் பேட்டர்னில்) .*? என்பது எந்த எழுத்தையும் முடிந்தவரை குறைவாக எடுக்கும், [^,]* என்பது காற்புள்ளி அல்லாத எழுத்துகளை மட்டும் எடுக்கும். .*? எப்போதும் முதல் காற்புள்ளியோடு நின்றுவிடும், [^,]* தேவையில்லை என்று ஒரு கருத்து இருக்கிறது. பேட்டர்ன் .*?, என்று காற்புள்ளியோடு முடிந்தால் அது சரி, அதற்குப் பின்னும் பகுதிகள் இருந்தால் உறுதியில்லை. .*? குறைந்த எழுத்துகளில் தொடங்கும். அடுத்து வரும் பகுதி பொருந்தாவிட்டால், பொருந்தும்வரை நீண்டுகொண்டே போகும். காற்புள்ளி அதற்குத் தடையே இல்லை.

பைத்தானிலோ ஜாவாஸ்கிரிப்ட்டிலோ நீங்களே பார்க்கலாம். உரை: 12,34,56. அதில் ^.*?,56 கொடுத்தால் முழு உரையும் பொருந்தும், முதல் காற்புள்ளியைத் தாண்டி. ^[^,]*,56 கொடுங்கள், எதுவும் பொருந்தாது. சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த தரவு) வரிகளில் தவறான நெடுவரிசை சத்தமில்லாமல் சிக்குவது இப்படித்தான், பிழைச்செய்தியும் வராது.

தரவைப் பிரிக்கும் எல்லைக்குறி காற்புள்ளிக்குப் பதில் -- போல இரண்டு எழுத்தாக இருந்தால் [^-]* போதாது, ஒற்றைக் கோட்டிலேயே நின்றுவிடும், (?:(?!--).)* எழுதுங்கள், அது -- வரும் இடம்வரை ஒவ்வொரு எழுத்தாக எடுக்கும்.