கணினி அணைந்தால் கார்டின் மேல் பழி போடாதீர்கள்

அந்த வீடியோவை இனி யாரும் எனக்கு டேக் செய்ய வேண்டாம். பார்த்துவிட்டேன். வயர் தெரியும் இடங்களில் எல்லாம் நிறுத்தி, பெரிதாக்கியும் பார்த்துவிட்டேன். ஒரே கணினியில் இரண்டு ஆர்டிஎக்ஸ் 3090 கிராஃபிக்ஸ் கார்டு, எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்க ஒரு 850 வாட் பவர் சப்ளை, முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்ட கேபினட். கேம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் கணினி சட்டென்று அணைகிறது. உடனே தீர்ப்பு: "கார்டு போச்சு, இரண்டு கார்டு என்பதே ஏமாற்று வேலை." கீழே ஒரே கைதட்டல். அதில் ஒருவர் என் பெயரைப் போட்டு, "இவர் பேச்சைக் கேட்டுத்தான் பசங்க காசைக் கரியாக்குகிறார்கள்" என்று எழுதியிருக்கிறார்.

கார்டு போகவில்லை. அதே வீடியோவில் மறுபடி ஆன் செய்ததும் இரண்டு கார்டுமே வேலை செய்கின்றன. போன கார்டு எப்படி வேலை செய்யும்? தாங்க முடியாத அளவுக்கு மின்சாரம் கேட்கப்பட்டதால் பவர் சப்ளை தன்னை நிறுத்திக்கொண்டது. பாதுகாப்புச் சுற்று இருப்பதே அதற்குத்தான்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு 3090க்கு 350 வாட், இரண்டுக்கு 700. கேம் ஓடும்போது ப்ராசசர் ஒரு நூறாவது இழுக்கும். மதர்போர்டு, ராம், எஸ்எஸ்டி, ஃபேன் எல்லாம் சேர்த்து இன்னொரு ஐம்பது. 850 அங்கேயே முடிந்துவிட்டது. இதுவும் வெறும் சராசரி. 3090 என்ற கார்டு மில்லி விநாடிக்கும் குறைவான நேரத்துக்கு 500 வாட்டைத் தாண்டிக் குதிக்கும். அது வெளியான 2020இலிருந்தே அளந்து பார்த்தவர்கள் எல்லாரும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டு கார்டும் ஒரே கணத்தில் குதித்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சுவரில் மாட்டும் வாட் மீட்டரில் இந்தக் குதிப்பு தெரியவே தெரியாது. அந்த மீட்டரைக் காட்டித்தான் "பாருங்க, 800கூடத் தாண்டல" என்கிறார் வீடியோ போட்டவர்.

அப்புறம் பவர் சப்ளையின் பெட்டியில் இருந்த தங்க முத்திரையைக் கேமராவுக்கு முன்னால் நீட்டினாரே, அதையும் சொல்லிவிடுகிறேன். 80 ப்ளஸ் கோல்டு என்பது சுவரிலிருந்து எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் உள்ளே போகிறது என்பதற்கான சான்று மட்டும்தான். 20, 50, 100 சதவீத சுமைகளில் அளக்கிறார்கள். திடீர்க் குதிப்பைத் தாங்குமா என்று அந்தச் சோதனை கேட்பதே இல்லை. அதைக் கேட்பது பவர் சப்ளைகளுக்கென்று 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 விதி. கார்டுக்கான புதிய 16 பின் இணைப்பு உள்ள பவர் சப்ளைகள், தங்கள் அளவைப் போல இரண்டு மடங்கை 100 மைக்ரோ விநாடிக்குத் தாங்கியாக வேண்டும் என்கிறது அது. வாங்கும்போது பார்க்க வேண்டியது அந்த வரியைத்தான்.

வயருக்கு வருகிறேன். என்னை உண்மையாகவே கோபப்படுத்தியது அதுதான். ஒவ்வொரு கார்டுக்கும் ஒரே ஒரு கேபிள், அதன் முனையில் கார்டில் செருக இரண்டு எட்டு பின் தலை. ஓர் எட்டு பின் இணைப்புக்கு 150 வாட் என்பது கணக்கு. இரண்டு தலைக்கும் சேர்த்து 300 வாட், அதாவது 12 வோல்ட்டில் 25 ஆம்பியர், பவர் சப்ளை பக்கம் இருக்கும் மூன்றே மூன்று 12 வோல்ட் வயர்கள் வழியாகப் போக வேண்டும். குதிப்பு வரும்போது இன்னும் கூடும். ஒவ்வொரு எட்டு பின்னுக்கும் பவர் சப்ளையிலிருந்து தனிக் கேபிள் கொடுங்கள் என்று நான் இங்கே எத்தனை தடவை எழுதியிருப்பேன்! எழுதினால் "பயமுறுத்தாதீங்க சார்" என்பார்கள். கணினி அணைந்தால் "இரண்டு கார்டு ஏமாற்று" என்பார்கள்.

"1600 வாட் வாங்கினால் பிரச்சினை முடிந்ததே" என்று கிளம்பும் நண்பர்களுக்கு என் சித்தப்பா மகனின் கதையைச் சொல்ல வேண்டும். அவனிடம் இரண்டு ஜிடிஎக்ஸ் 1080 டிஐ இருந்தன. ஒவ்வொன்றும் 250 வாட். பவர் சப்ளை 1000 வாட், தாராளம். அப்படியும் கேம் நடுவில் பட்டென்று அணையும். பார்க்க வந்த ஆள் இரண்டாவது கார்டு பழுது என்று சொல்லிவிட்டு, பழைய சாமான் விலைக்கு அதைத் தானே எடுத்துக்கொள்வதாகவும் சொல்லியிருக்கிறார். தம்பி கொடுக்கத் தயாராகிவிட்டான். தற்செயலாகத்தான் எனக்குத் தகவல் வந்தது. போய்ப் பார்த்தால், அந்தப் பவர் சப்ளையில் 12 வோல்ட் மின்சாரம் பல தடங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு தடத்துக்கும் 30 ஆம்பியர், அதாவது 360 வாட் எல்லை. இரண்டு கார்டின் கேபிள்களும் ஒரே தடத்தில் செருகப்பட்டிருந்தன. ஒரு கார்டின் கேபிளை அடுத்த தடத்துக்கு மாற்றினோம், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்தக் கணினி அப்படி அணைந்ததே இல்லை. நல்ல கார்டு ஒன்று கைவிட்டுப் போயிருக்கும். வீட்டில் அவன் வாங்கிய திட்டு தனி. அதனால்தான் "கார்டு போச்சு" என்ற வார்த்தையை யாராவது போகிற போக்கில் சொன்னால் எனக்குப் பொறுக்காது.

இன்னொன்று. விண்டோஸ் பதிவு செய்யும் "கெர்னல் பவர் 41" என்ற பிழையைக் காட்டி, இதுவே ஆதாரம் என்கிறார் அவர். கணினி முறையாக மூடப்படாமல் நின்றுவிட்டது என்பதை மட்டுமே அந்தப் பிழை சொல்கிறது. யார் காரணம் என்று அதற்குத் தெரியாது. சூடு அதிகமானால் கார்டு முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஃப்ரேம் (நொடிக்குத் திரையில் வரும் படங்களின் எண்ணிக்கை) விழும், ஃபேன் அலறும். எந்த அறிகுறியும் இல்லாமல் ஒரு நொடியில் எல்லாம் இருண்டால் முதல் சந்தேகம் மின்சாரத்தின் மேல்தான் போக வேண்டும்.

சூடு பிரச்சினையே இல்லை என்று நான் சொல்லவில்லை. அந்த வீடியோவில் அதுவும் இருந்தது. மூன்று ஸ்லாட் தடிமனுள்ள இரண்டு கார்டுகள், நடுவில் விரல்கூட நுழையாது. கீழ்க் கார்டு வெளியே தள்ளும் வெந்த காற்றையே மேல் கார்டு இழுக்கிறது. ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் வாங்குகிற நிலைமை. போதாததற்கு 3090இல் 24 ஜிபி மெமரியில் பாதி கார்டின் பின்பக்கத்தில் இருக்கிறது. அந்த மெமரி 110 டிகிரியைத் தொட்டால் வேகத்தைக் குறைத்துவிடும். அவர் திரையில் காட்டியதோ கார்டின் முக்கிய சிப்பான கோரின் வெப்பநிலையை மட்டும்தான். மெமரி வெப்பத்தை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்கவில்லை. கார்டுகளுக்கு நடுவே ஒரு ஸ்லாட்டாவது காலியாக விடுங்கள். மதர்போர்டு அதற்கு இடம் கொடுக்காவிட்டால், சூட்டைக் கேபினட்டின் பின்பக்கமாக வெளியே தள்ளும் ப்ளோவர் வகைக் கார்டு எடுங்கள், சத்தம் இருக்கும். இல்லையென்றால் தண்ணீர்க் குளிர்விப்புக்குப் போங்கள். முன்பக்கக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வலை போடுங்கள். கண்ணாடி அழகுதான். காற்று எங்கிருந்து வரும்?

"இந்தக் காலத்தில் யார் சார் இரண்டு கார்டு போடுகிறார்கள்?" என்று கேட்பவர்களே, சரி. இரண்டு கார்டையும் ஒரே கேமில் சேர்ந்து ஓடவைக்கும் வசதிக்கு எஸ்எல்ஐ என்று பெயர். பழைய கார்டுகளுக்குப் புதிய எஸ்எல்ஐ அமைப்புகள் சேர்ப்பதை என்விடியா 2021 ஜனவரியோடு நிறுத்திவிட்டது எனக்கும் தெரியும். 4090இல் இரண்டை இணைக்கும் வசதியே இல்லை என்பதும் தெரியும். அதனால் என்ன? ஒன்றில் கேம், இன்னொன்றில் ஸ்ட்ரீமிங் என்று வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். ஒன்று வரைய, மற்றொன்று இடை ஃப்ரேம்களை உருவாக்க என்று பயன்படுத்துபவர்கள் இருக்கிறார்கள். பழைய கேம்களில் இரண்டு கார்டு சேர்ந்து ஓடுவதைப் பார்க்கும் ஆசைக்காகவே வைத்திருப்பவர்களும் இருக்கிறார்கள். தேவையா இல்லையா என்பது அவரவர் விருப்பம். தேவையில்லை என்பதற்கும் ஏமாற்று என்பதற்கும் வித்தியாசம் இல்லையா? மற்றவர்களின் ஆசையைப் பார்த்துச் சிரிப்பதில் என்ன சுகம் கிடைக்கிறது உங்களுக்கு?

வீடியோவுக்குக் கீழே மரியாதையாகத்தான் எழுதினேன். இரண்டு கார்டின் பவர் லிமிட்டையும், அதாவது கார்டு இழுக்கலாம் என்று வைக்கும் மின்சார எல்லையையும், 280 வாட்டுக்கு இறக்குங்கள், ஃப்ரேம் சில சதவீதம்தான் குறையும், 140 வாட் மிச்சமாகும், அறைக்குள் விழும் சூடும் அந்த அளவுக்குக் குறையும் என்று எழுதினேன். லிமிட் மட்டும் குதிப்பை முழுதாக அடக்காது, வோல்ட்டேஜையும் உச்ச வேகத்தையும் சேர்த்து இறக்க வேண்டும் என்றும் விளக்கினேன். கேமின் மெனு திரையில்கூட ஃப்ரேமுக்கு எல்லை வைக்கச் சொன்னேன், ஏனென்றால் எல்லை இல்லாவிட்டால் சும்மா நிற்கும் திரையிலேயே கார்டு முழு மூச்சாக ஓடும். ஒரு வார்த்தை தப்பாக இல்லை. காலையில் பார்த்தால் அந்தக் கமெண்ட்டே இல்லை. என்னைத் திட்டிய கமெண்ட் மட்டும் பத்திரமாக இருக்கிறது. இதுதான் வலிக்கிறது. என் பெயருக்காக வலிக்கவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், அதற்கும் சேர்த்துத்தான் வலிக்கிறது. நாலு பேருக்குப் பயன்படட்டும் என்று இத்தனை வருஷமாக ஆம்பியரும் வாட்டுமாக உட்கார்ந்து எழுதுகிறவனுக்குக் கிடைத்த மரியாதை இது.

வீடியோவைப் பார்த்துவிட்டு இரண்டாவது கார்டை விற்கப் போவதாக இன்பாக்ஸில் எழுதிய தம்பிக்கு: இன்று விற்க வேண்டாம். கேபினட்டின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து, கார்டுகளுக்குப் போகும் வயர்களும் பவர் சப்ளையின் ஸ்டிக்கரும் தெரியும்படி ஒரு படம் எடுத்து அனுப்பு. வேறு பவர் சப்ளையின் கேபிள் எதையாவது செருகியிருக்கிறாயா என்பதையும் சேர்த்துச் சொல். தலை ஒரே மாதிரி இருந்தாலும் பவர் சப்ளை பக்கம் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும், கார்டை உண்மையிலேயே எரிக்கக்கூடியது அதுதான். அதுவரை ஆன் செய்யாதே.