திரும்பி வந்த முதல் வாரம்

போன வாரம் ஜிம்மில் ஒரு பெண்ணிடம் கொஞ்சம் கடுமையாக நடந்துகொண்டேன். வைகாசியில் கல்யாணம் ஆன பெண், ஆடிக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறாள். ஒன்றரை மாதம் கழித்து அன்றைக்குத்தான் ஜிம்முக்குள் காலெடுத்து வைத்தாள். வந்ததும் டெட்லிஃப்டுக்கு, அதாவது தரையில் கிடக்கிற ராடைக் குனிந்து பிடித்துத் தூக்கி நிமிர்வதற்கு, பழையபடி 60 கிலோவை மாட்டினாள். "பாதியாக் கொறச்சுக்கோ கண்ணு" என்றேன். "எனக்கு இது ஒண்ணுமே இல்லீங்க்கா" என்று சிரித்தாள். நான் குனிந்து பிளேட்டைக் கழற்ற ஆரம்பித்துவிட்டேன். அவள் முகம் சுருங்கிப் போனது. அத்தனை பேர் முன்னால் அப்படிச் செய்தது தப்பு. அவளிடமே அதைச் சொல்லிவிட்டேன். ஆனால் சொன்ன விஷயம் தப்பில்லை. அதைத்தான் இங்கே எழுத வேண்டும் என்று தோன்றியது.

எனக்கு வயது 46. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். அம்மா பாத்ரூமில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து படுத்த வருடம் நான் கனம் தூக்க ஆரம்பித்தேன். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு எலும்பு வேகமாகத் தேய்கிறது, அதைத் தாமதப்படுத்தும் வழிகளில் எடை தூக்குவதும் ஒன்று என்று டாக்டர் சொன்னதுதான் காரணம். "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேல?" என்று கேட்காத ஒறம்பரை இல்லை. எங்க அமுச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவர், காட்டிலிருந்து சோளத்தட்டுக் கட்டைத் தலையில் வைத்து மைல் கணக்கில் நடந்தபோது யாரும் அப்படிக் கேட்டதாகத் தெரியவில்லை.

மூன்று வருடம் முன்னால் எனக்கு நடந்தது இது. தாராபுரத்துப் பக்கம் எங்கள் ஊரில் மாரியம்மன் நோம்பி, அது முடிந்த கையோடு அண்ணன் மகள் கல்யாணம். 5 வாரம் ஜிம் பக்கமே போகவில்லை. போவதற்கு முன்னால் 70 கிலோவை 5 தடவை தூக்கிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்த அன்றைக்கும் 70 தான் மாட்டினேன். முதல் 3 தடவை சுலபமாக வந்தது. இதைக் கவனியுங்கள், சுலபமாகத்தான் வந்தது. அங்கே இருந்த டிரெய்னர் தம்பி "இன்னும் ரெண்டுதாங்க்கா, விடாதீங்க" என்று சத்தம் போட்டார். நான்காவதில் முதுகு வளைந்தது, கீழே ஏதோ சுருக்கென்றது. வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். சாயங்காலம் சாமி அறையில் விளக்கேற்ற உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை.

நரம்புக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். படுத்தே கிடக்காதீர்கள், முடிந்த அளவு நடங்கள் என்றார். எண்ணெய் போட்டு நீவச் சொன்னவர்கள் ஒரு பக்கம், இனி அந்த இரும்பைத் தொடவே கூடாது என்றவர்கள் மறு பக்கம். என்ன தப்பு செய்தேன் என்று எனக்குப் புரிய வைத்தது ஜிம்முக்கே வராத எங்கப்பாதான்.

அப்பா சின்ன வயதில் கவலை ஓட்டியவர். மோட்டார் வராத காலத்தில் கிணற்றுத் தண்ணீரைச் சால் என்கிற பெரிய வாளியில் மொண்டு மாடு கட்டி இழுப்பார்கள், அதுதான் கவலை. மாடு சரிவில் இறங்கும்போது அவ்வளவு பாரமும் நுகத்தடி வழியாகக் கழுத்தில் விழும். தினமும் இழுக்கிற மாட்டுக்குக் கழுத்துத் தோல் காப்புக் காய்த்துக் கெட்டியாகிவிடும். மழை பெய்து ஒரு மாதம் கவலை நின்றால் அந்தக் காப்பு இளகிப்போகும். மறுபடி பூட்டும்போது முதல் நாள் கொஞ்ச நேரம் மட்டும் இறைத்துவிட்டு அவிழ்த்துவிடுவார்களாம். மீறி ஓட்டினால் ஒரே நாளில் கழுத்துப் புண். "மாட்டுக்குப் பலம் எங்கயும் போகல கண்ணு. கழுத்துதான் பழக்கம் விட்டுப் போச்சு" என்றார்.

உடம்புக்குள் நடப்பதும் கிட்டத்தட்ட அதுதான். கனம் தூக்கத் தொடங்கிய முதல் சில வாரங்களில் கூடுகிற பலம் பெரும்பாலும் நரம்பு மண்டலம் வேலையைக் கற்றுக்கொள்வதால் வருவது. தசை வளர்வது அதற்குப் பிறகு. தசையை எலும்போடு கட்டி வைத்திருக்கிற தசைநாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு, அது கெட்டிப்பட மாதக்கணக்காகும். இடைவெளி விட்டு வருகிறவருக்குத் தசைப் பலம் சீக்கிரம் திரும்பிவிடும். பழைய எண் மனதில் அப்படியே இருக்கிறது, தசையும் சரி என்கிறது. நாணும் மூட்டும்தான் பின்தங்கி நிற்கின்றன. சோம்பேறிக்கு இந்தக் காயம் வராது. ஆர்வமாக ஓடி வருகிறவருக்குத்தான் வரும். அதனால்தான் எனக்கு அந்தப் பெண் மேல் அத்தனை பதற்றம்.

இன்னொரு ஆபத்தும் இதே முதல் நாளில்தான் இருக்கிறது. விட்டதையெல்லாம் ஒரே நாளில் பிடிக்கப் பார்த்தால் தசை நார்கள் சிதைந்து, அதிலிருந்து கசிவது சிறுநீரகத்தைப் பாதிக்கும். சிறுநீர் வரக்காப்பி நிறத்தில் போனால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். முதுகு வலியோடு கால் மரத்துப் போனாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ அதே அவசரம்தான். மற்றபடி மறுநாள் தொடங்கி இரண்டு மூன்று நாள் இரண்டு தொடையிலும் ஒரே மாதிரி இருக்கிற சதை வலி பயப்பட வேண்டியதல்ல. ஒரே பக்கம், ஒரே புள்ளியில், ஊசி குத்துவது போல வந்தால் ராடை அங்கேயே கீழே வையுங்கள்.

அதற்காகக் காலம் முழுக்க 2 கிலோ டம்பெல்லோடு நில்லுங்கள் என்று சொல்லவில்லை. அடிபட்டவர்கள் பலர் அங்கேயே தங்கிவிடுகிறார்கள், அதைப் பார்க்க எனக்கு அடிபட்டதை விட வருத்தமாக இருக்கிறது. கனம் கூடாவிட்டால் உடம்பு மாறுவதற்குக் காரணமே இல்லை. நான் 3 வாரம் கழித்து வெறும் ராடில் ஆரம்பித்தேன். 5 தடவையும் முதுகு வளையாமல் வந்தால் மட்டும் ராடின் ஒவ்வொரு பக்கமும் 1.25 கிலோ, அதாவது மொத்தம் இரண்டரை கூட்டினேன். கடைசித் தடவை முடிந்த பிறகும் இன்னும் ஒன்றோ இரண்டோ தூக்கலாம் என்ற நிலையில் நிறுத்திக்கொண்டேன். பழைய 70க்கு வர 4 மாதம் ஆனது. இப்போது 85 தூக்குகிறேன். காயமில்லாமல் வெறும் விடுமுறையாக இருந்தால் அத்தனை நாள் வேண்டாம்; பாதியில் தொடங்கி மூன்று நான்கு வாரத்தில் வந்துவிடலாம்.

பளுதூக்கும் வீராங்கனை மீராபாய் சானுவை எடுத்துக்கொள்ளுங்கள். 2018இல் கோல்ட் கோஸ்ட் காமன்வெல்த் போட்டியில் 48 கிலோ உடல் எடைப் பிரிவில், இரண்டு வகைத் தூக்கலும் சேர்த்து மொத்தம் 196 கிலோ தூக்கித் தங்கம். பிறகு கீழ்முதுகில் காயம். அந்த வருட ஆசியப் போட்டிக்கே போகவில்லை. 2019 பிப்ரவரியில் தாய்லாந்தில் திரும்ப மேடையேறியபோது 49 கிலோ பிரிவில் தூக்கியது 192. உலக சாம்பியனாக இருந்தவர், பழையதை விட 4 கிலோ குறைவாகத் தூக்கிவிட்டு இறங்கினார். 2021 டோக்கியோவில் 202 கிலோ, ஒலிம்பிக் வெள்ளி. நமக்கு மேடையும் இல்லை, நடுவரும் இல்லை, ஒரு மாதம் குறைத்துத் தூக்கினால் என்ன?

டிரெய்னர் தம்பிகளிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். "இன்னொன்னு, இன்னொன்னு" என்பதற்கு முன்னால் "எத்தன நாள் கழிச்சு வர்றீங்க?" என்று கேளுங்கள். முதுகு வளைய ஆரம்பித்துவிட்டால் நீங்களே நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால் கேட்பார்கள், என்னைப் போல பிளேட்டைக் கழற்ற வேண்டியிருக்காது.

அந்தப் பெண் நேற்று வந்தாள். அவளாகவே 30 மாட்டி, மூன்று செட் முடித்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஆடி முடிஞ்சு ஊருக்குப் போறதுக்குள்ள 60 போட்டரலாமுங்களாக்கா?"

"கடைசி வாரம் போட்டரலாம் கண்ணு. அன்னைக்கு நான் கூட நிக்கறேன்."

வாரத்துக்கு இவ்வளவு என்று கூட்டி இரண்டு பேருமாக ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறோம்.