அன்பாக இருங்கள், யாரிடம் என்று மட்டும் கேட்காதீர்கள்

ஒரு பள்ளியில் நடந்த போஸ்டர் விவகாரத்தைக் கேளுங்கள். தன்பால் ஈர்ப்புள்ள மாணவர்களையும் திருநர் மாணவர்களையும் சீண்டாதீர்கள் என்று பிள்ளைகள் எழுதிக் கொடுத்ததை, நிர்வாகம் "எல்லோரிடமும் அன்பாக இருப்போம்" என்று மாற்றி, மூலையில் ஒரு இதயமும் வரைந்து ஒட்டியிருக்கிறது. என்ன பெருந்தன்மை! யார் அடி வாங்குகிறார்கள் என்பதைத் தவிர எல்லாம் அதில் இருக்கிறது. பிள்ளைகள் போஸ்டர் மட்டுமா கேட்டார்கள்? பள்ளி விதியில் 'பாலின அடையாளம்', 'பாலியல் ஈர்ப்பு' என்று இரண்டு வார்த்தை, சீண்டலைக் குறித்துவைக்க ஒரு பதிவேடு, பொறுப்பாக ஓர் ஆசிரியர். அதெல்லாம் கிணற்றில் போட்ட கல்.

2007-இல் கனடாவின் நோவா ஸ்கோஷியாவில், பிங்க் சட்டை போட்டு வந்த ஒன்பதாம் வகுப்புப் பையனைத் தன்பால் ஈர்ப்பைச் சொல்லிக் கேலி செய்து மிரட்டினார்கள். பன்னிரண்டாம் வகுப்பு டேவிட் ஷெப்பர்டும் டிராவிஸ் பிரைசும் 50 பிங்க் சட்டை வாங்கி, இரவோடு இரவாகச் செய்தி அனுப்பி, மறுநாள் பள்ளியையே பிங்க் ஆக்கினார்கள். இன்று அது 'பிங்க் சட்டை தினம்'. குரூப் போட்டோவெல்லாம் உண்டு. அந்தப் பையனை எதைச் சொல்லி மிரட்டினார்கள் என்ற பேச்சுதான் பல இடங்களில் எழுவதில்லை.

"பொதுவாகச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?" என்று கமெண்டில் வருவீர்கள். வாருங்கள். 'பொண்ணு மாதிரி நடக்கிறான்' என்று வராந்தாவில் ஒருவன் கத்துகிறான். விதியில் 'ஒழுங்கீனம்' என்று மட்டும் இருந்தால் ஆசிரியர் விளையாட்டு என்று கடந்துவிடுவார். பாலின அடையாளம், பாலியல் ஈர்ப்பு என்று அச்சில் இருந்தால், அங்கேயே நின்று "இந்தப் பேச்சு இங்கே கூடாது" என்று சொல்ல அவருக்கு ஒரு பிடிமானம். பிறகு தேதி, இடம், பார்த்தவர்கள் எல்லாம் பதிவேட்டில் ஏற வேண்டும். சொன்ன வார்த்தையை அப்படியே எழுத வேண்டும். 'மாணவர்களிடையே தகராறு' என்று எழுதி மூடினால், அதே ஆள் அதே கழிப்பறை வாசலில் மூன்றாவது முறை மறிக்கிறான் என்பது யாருக்கும் தெரியாது. அங்கே போகப் பயந்து, காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் கணக்கில் வராது.

"சின்னப் பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு?" கேலி செய்கிற பிள்ளைக்கு எல்லாம் தெரிந்திருக்கிறதே ஐயா. வாங்குகிற பிள்ளைக்கு மட்டும் வயது போதவில்லையா?

அமெரிக்காவின் விஸ்கான்சினில் ஜேமி நபோஸ்னி என்ற மாணவர், தன்பால் ஈர்ப்புள்ளவர் என்பதற்காக ஆண்டுக்கணக்கில் பள்ளியில் அடி வாங்கினார். சொல்லியும் நிர்வாகம் அசையவில்லை. வழக்கு போட்டார்; 1996-இல் 9 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்துச் சமரசத்துக்கு வந்தார்கள். அதுவரை அங்கேயும் எல்லோரிடமும் அன்பாகத்தான் இருந்திருப்பார்கள்!

நிர்வாகத்தாரே, புகார் வந்த கையோடு வீட்டுக்கு போன் போடுகிறீர்களே, அதையும் சொல்லிவிடுகிறேன். அடித்தார்கள் என்று வீட்டுக்குச் சொல்லுங்கள். எதைச் சொல்லி அடித்தார்கள் என்பதை அந்தப் பிள்ளையைக் கேட்காமல் சொல்லாதீர்கள். சொன்னால் பள்ளியில் வாங்கிய அடி வீட்டிலும் தொடரும். அடுத்த முறை அந்தப் பிள்ளை வாயே திறக்காது. நீங்களும் ஆண்டு விழா மேடையில் ஏறி, 'எங்கள் பள்ளியில் ஒரு புகார்கூட இல்லை' என்று பேசிக் கைதட்டு வாங்குவீர்கள்.